குழலும் குண்டும்: ஒரு பொருத்தத்தின் வரலாறு

கடலூரை அடுத்து, கெடிலம் ஆறு கடலை நெருங்கும் இடத்தில், தேவனாம்பட்டினம் என்னும் ஊர் இருக்கிறது. அங்கிருந்த கோட்டையை 1690ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதை அளந்தது கோலும் அன்று, சங்கிலியும் அன்று, ஒரு பீரங்கி. கோட்டையிலிருந்து பல திசைகளிலும் சுட வேண்டியது, குண்டு விழும் தொலைவு வரையில் நிலம் கம்பெனியைச் சேரும் என்பது ஏற்பாடு. அவ்வாறு எல்லைக்குள் வந்த சிற்றூர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பின்னர்ப் பெயர் வழங்கலாயிற்று. எத்தகைய பீரங்கியை அந்த வேலைக்குத் தேர்ந்திருப்பார்கள் என்பதை நேயர்கள் ஊகித்துக் கொள்ளலாம்.

அந்தக் குண்டுகள் நூறு கெஜம் இடப்புறமாகப் போயினவா, வலப்புறமாகப் போயினவா என்பதைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை. தொலைவில் விழுந்தால் போதும். ஆனால் ஒரு குண்டு குறி வைத்த இடத்திற்குச் செல்லாமல் ஏன் விலகிப் போகிறது என்ற வினாவை முறைப்படி ஆராய்ந்தவர்களுள் முதன்மையான அறிஞர் ஒருவர், அறுபது ஆண்டுகள் கழித்து இதே கோட்டைக்கு வந்து, இங்கேயே உயிர் நீத்தார். அவர் பெயர் பெஞ்சமின் ராபின்ஸ். கல்கத்தாவிலும், ஜபல்பூரிலும், புனாவை அடுத்த கட்கியிலும் குடியேறி, படைக்கலத் தொழிற்சாலைகளின் ஊதுகுழல் ஒலியைக் கேட்டு எழுந்து பழகிய நம்மவர் பலருக்குத் துப்பாக்கி என்பது அயலான பொருள் அன்று. அதன் குழலுக்கும் அதில் செல்லும் குண்டுக்கும் உள்ள பொருத்தம் எவ்வாறு கண்டுபிடிக்கப்பட்டது என்னும் கதையில் நமது கடற்கரைக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை இன்று நாம் காண்போம்.

ராபின்ஸ் 1707ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பாத் நகரில், போரை வெறுக்கும் குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர். விதியின் விளையாட்டு என்றுதான் சொல்ல வேண்டும். கணிதத்தைப் பெரும்பாலும் தாமே கற்றுத் தேர்ந்து, 1742இல் பீரங்கிக் கலையின் புதிய கோட்பாடுகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கனத்த மரக்கட்டையை ஊசல்போலத் தொங்கவிட்டு, அதன்மேல் குண்டைச் சுட்டு, கட்டை எவ்வளவு ஆடுகிறது என்பதைக் கொண்டு குண்டின் வேகத்தைக் கணக்கிட்ட முறை அந்நூலில் விளக்கப்பட்டது. மாபெரும் கணித மேதையாகிய ஆய்லரே அதனை 1745இல் தம் விரிவுரையுடன் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார் என்றால் அதன் பெருமையை வேறு எவ்வாறு கூறுவது?

அவர் செய்து காட்டிய சோதனைகளில் ஒன்று இன்றும் வியப்பளிப்பது. ஒரு துப்பாக்கிக் குழலின் முனையைச் சற்றே இடப்புறமாக வளைத்தார். வழியில் மெல்லிய காகிதத் திரைகளைத் தொங்கவிட்டார். குழல் இடப்புறம் வளைந்திருப்பதால் குண்டும் இடப்புறமே சென்று விழ வேண்டும் அல்லவா? முதலில் அப்படித்தான் சென்றது. சற்றுத் தொலைவு சென்றபின் அது வலப்புறமாகத் திரும்பி, நேர்க்கோட்டையும் கடந்து, மறுபக்கத்தில் போய் விழுந்தது! வளைந்த குழலின் வலச்சுவரை உரசி உருண்டபோது குண்டு ஒரு சுழற்சியைப் பெற்றது. அந்தச் சுழற்சியே காற்றில் அதனைத் திருப்பியது. மட்டைப்பந்து ஆட்டத்தில் சுழற்பந்து காற்றில் விலகுவதைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். நேரான குழலிலிருந்து வரும் குண்டும் ஏதோ ஒரு சுவரை உரசியே வெளிவருகிறது. எந்தச் சுவர் என்பது சுடுபவனுக்குத் தெரியாது. ஆகவே எந்தப் பக்கம் விலகும் என்பதும் தெரியாது.

இதற்கு மாற்று என்ன? குண்டின் சுழற்சியைத் தற்செயலுக்கு விட்டுவிடாமல், அது செல்லும் திசையையே அச்சாகக் கொண்டு சுழலும்படி செய்துவிடுவது. அதற்கான வழி ராபின்ஸ் காலத்துக்கு முன்பே மத்திய ஐரோப்பிய வேட்டைக்காரர்களின் கையில் இருந்தது. குழலின் உட்புறத்தில் திருகுபோல் பள்ளங்களை வெட்டுவார்கள். கயிற்றின் புரியையும் சங்கின் புரியையும் அறிந்த நாம் இதனையும் புரி என்றே அழைப்போம். ஒரு புரி குழலைச் சுற்றி ஒரு முழுச் சுற்று வருவதற்கு எத்தனை அங்குல நீளம் ஆகிறதோ, அதுவே அக்குழலின் முறுக்கு. பத்து அங்குலத்தில் ஒரு சுற்று வந்தால் நெருங்கிய முறுக்கு. நூறு அங்குலத்தில் வந்தால் தளர்ந்த முறுக்கு. வேட்டைக்காரர் கையாண்ட இந்தப் பழக்கத்திற்குக் காரணம் கற்பித்தவர் ராபின்ஸ். 1747இல் லண்டன் ராயல் கழகத்தில் அவர் படித்த கட்டுரையில், புரிக்குழலின் தன்மையை எந்த நாடு முற்ற உணர்ந்து தன் படைக்குக் கொடுக்கிறதோ அந்த நாடு மற்றவற்றினும் மேம்பட்டு நிற்கும் என்று முன்னறிவித்தார். உருண்டைக் குண்டை விடுத்து முட்டை வடிவமான குண்டைச் செய்து பார்க்கலாம் என்றும் யோசனை கூறினார்.

1749இல் கம்பெனியார் அவரைத் தலைமைப் பொறியாளராக நியமித்தனர். பிரெஞ்சுக்காரரிடமிருந்து மீண்ட சென்னைக் கோட்டையையும், தேவனாம்பட்டினக் கோட்டையையும் செப்பனிடுவது அவர் வேலை. 1750இல் வந்து சேர்ந்தார். நமது வெயிலும் காய்ச்சலும் அவரை ஓராண்டுக்குமேல் விட்டுவைக்கவில்லை. 1751 ஜூலை 29ஆம் நாள், நாற்பத்து நான்காம் வயதில் காலமானார். அடுத்த மாதத்தில் கிளைவ் ஆர்க்காட்டை நோக்கிப் புறப்பட்டார். அவருடைய வீரர்கள் ஏந்திச் சென்றவை புரியில்லாத வழவழப்பான குழல்கள். அறிஞர் சொல்லுக்கும் அரசாங்கத்தின் செவிக்கும் இடையே உள்ள தொலைவு எந்தக் காலத்திலும் சிறியதன்று.

படைகள் புரிக்குழலை ஏற்கத் தயங்கியதற்கு ஒரு நியாயமும் இருந்தது. குண்டு புரியைக் கவ்வ வேண்டுமானால் இறுக்கமாக இருக்க வேண்டும். இறுக்கமான குண்டை வாய்ப்புறமாகக் கெட்டித்து இறக்குவதற்குள் எதிரி மும்முறை சுட்டுவிடுவான். 1800ஆம் ஆண்டில் ஆங்கிலப் படையின் சில பிரிவுகளுக்கு மட்டும் பேக்கர் துப்பாக்கி வழங்கப்பட்டது. முப்பது அங்குலக் குழலில் அதன் புரி கால் சுற்றே சுற்றியது. அதாவது முழுச் சுற்றுக்குப் பத்து அடி. உருண்டைக் குண்டுக்கு அந்தத் தளர்ந்த முறுக்கே போதுமானது. உருண்டைக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று ஏது? அது தலைகுப்புற விழவும் வழியில்லை.

அடுத்த படியில் தென்னிந்தியா மீண்டும் கதைக்குள் வருகிறது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கு வந்திருந்த காப்டன் ஜான் நார்ட்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, நம் நாட்டு வேட்டைக்காரர் குழலால் ஊதி எய்யும் அம்பைக் கண்டார் என்று துப்பாக்கி வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அம்பின் அடிப்பகுதியில் தாமரைத் தண்டின் நெட்டி பொருத்தப்பட்டிருந்தது. ஊதும்போது மூச்சின் அழுத்தத்தால் நெட்டி விரிந்து, குழலின் சுவரோடு ஒட்டிக் கொண்டது, காற்று வீணாகவில்லை. அப்படியானால் ஈயக் குண்டின் அடியையும் குடைந்துவிட்டால், வெடிமருந்தின் அழுத்தத்தால் அதுவும் விரிந்து புரியைக் கவ்வும் அல்லவா? தளர்வாக உள்ளே இறங்கி, இறுக்கமாக வெளியே வரும் குண்டு! நார்ட்டனின் யோசனை ஏற்கப்படவில்லை. பின்னர் பிரெஞ்சுக் காப்டன் மினியே 1849 அளவில் செம்மைப்படுத்திய இத்தகைய குண்டு உலகெங்கும் அவர் பெயராலேயே வழங்கியது. ஊதுகுழல் வேட்டைக்காரன் பெயரை எவர் எழுதி வைத்தார்?

இங்கேதான் பொருத்தத்தின் சிக்கல் தொடங்குகிறது. அடி குடைந்த குண்டு உருண்டையாக இருக்க முடியாது. அது நீண்டது, கூரிய மூக்குடையது. நீண்ட பொருள் காற்றில் செல்லும்போது காற்றின் எதிர்ப்பு அதன் எடைமையத்துக்கு முன்னால், மூக்குப் பக்கத்தில் தாக்குகிறது. மூக்கைத் தூக்கிக் கவிழ்த்துவிடப் பார்க்கிறது. கவிழாமல் காப்பது சுழற்சி ஒன்றே. நம் தெருவில் பம்பரம் விட்ட சிறுவர் யாவரும் இதை அறிவர். குட்டையான, பருத்த பம்பரம் மெல்லச் சுழன்றாலும் நிற்கும். நெட்டையான, ஒல்லியான பம்பரத்தைச் சாட்டையை நன்கு இழுத்து வேகமாகச் சுழற்றினாலன்றி நிற்காது. குண்டு நீள நீள, புரியின் முறுக்கும் நெருங்க வேண்டும். அன்று இதனைத் திட்டமாக அறிந்தவர் இலர்.

1853ஆம் ஆண்டின் என்ஃபீல்டு துப்பாக்கி இவ்வாறு அரைகுறை அறிவோடு பிறந்த ஒரு நல்ல கருவி. உட்குறுக்களவு 0.577 அங்குலம், மூன்று புரிகள், முறுக்கு 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குண்டின் எடை 530 கிரெயின், நம் பழைய நிறைக்கணக்கில் ஏறக்குறைய மூன்று தோலா. குண்டு எளிதாக இறங்குவதற்காகவும், குழலில் கரி படியாமல் இருப்பதற்காகவும் அதனைக் காகிதத்தில் சுற்றிக் கொழுப்புத் தடவினார்கள். அந்தக் கொழுப்பு எதன் கொழுப்பு என்ற ஐயம் 1857 ஜனவரியில் கல்கத்தாவுக்கு அருகே டம்டம்மில் எழுந்தது. மார்ச் 29இல் பாரக்பூரில் மங்கள் பாண்டே துப்பாக்கியை உயர்த்தினார். மே 10இல் மீரட் எழுந்தது. மீரட் குதிரைவீரர் ஏற்க மறுத்த தோட்டாக்கள் புதிய என்ஃபீல்டுக்கு உரியவையே அல்ல, பழைய வகையைச் சேர்ந்தவை. அதற்குள் நம்பிக்கை அந்த அளவுக்கு முறிந்திருந்தது. கிளர்ச்சிக்குத் தோட்டா ஒன்றே காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் குண்டு குழலைக் கவ்வ வேண்டும் என்ற இயந்திரத் தேவை ஒன்று, சிப்பாயின் உதட்டுக்கும் அவன் சமயத்துக்கும் இடையே வந்து நின்றதை மறக்க இயலாது.

அதே 1857இல், ஏப்ரல் மாதத்தில், இங்கிலாந்தின் ஹைத் என்னும் ஊரில் வேறொரு சோதனை நடந்தது. மான்செஸ்டரைச் சேர்ந்த ஜோசப் விட்வொர்த் இயந்திரக் கருவிகள் செய்வதில் நிகரற்றவர். முன்பு இந்தியாவில் கவர்னர் ஜெனரலாக இருந்து, பிறகு ஆங்கிலப் படைத்தலைவரான ஹார்டிங் பிரபு, என்ஃபீல்டின் குறைகளை ஆராயும்படி 1854இல் அவரைக் கேட்டுக் கொண்டார். தமக்குத் துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதே விட்வொர்த்துக்கு உதவியாயிற்று. காற்றும் மழையும் குறுக்கிடாதபடி தம் வீட்டருகே 500 கெஜ நீளத்தில் கூரை வேய்ந்த சுடுகூடம் ஒன்றைக் கட்டி, பல முறுக்குகளையும் பல நீளக் குண்டுகளையும் மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்த்தார்.

அவர் கண்ட முடிவு இது: குண்டின் எடை அதே 530 கிரெயினாக இருக்கட்டும், ஆனால் உட்குறுக்களவை 0.45 அங்குலமாகச் சுருக்கு. ஈயம் அதே அளவாதலால் குண்டு ஒல்லியாகி நீளும். குறுக்களவைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு நீளம் ஆகும். அந்த நீளத்தைத் தாங்குவதற்கு முறுக்கை 20 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக நெருக்கு. ஹைத்தில் 500 கெஜத் தொலைவில் என்ஃபீல்டின் குண்டுகள் மையத்திலிருந்து சராசரி 2.24 அடி விலகின. விட்வொர்த்தின் குண்டுகள் 0.37 அடியே விலகின. ஒரே எடையுள்ள ஈயந்தான்! குழலும் குண்டும் ஒன்றையொன்று அறிந்து அமைந்ததால் சிதறல் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. 1860இல் விம்பிள்டனில் நடந்த துப்பாக்கிப் போட்டியை விக்டோரியா மகாராணியார் தொடங்கி வைத்தபோது, 400 கெஜத்துக்கு அப்பால் குறியின் மையத்திலிருந்து ஒன்றேகால் அங்குலத்தில் குண்டு பாய்ந்தது. தாங்கியில் பொருத்தி வைத்திருந்த விட்வொர்த் துப்பாக்கி அது. மகாராணியார் பட்டுக்கயிற்றை இழுத்தார், அவ்வளவே.

ஆனால் படை அதனை ஏற்கவில்லை. ஒடுங்கிய குழலில் கரி விரைவாகப் படிந்தது, விலையும் மிகுதி. பொருத்தம் பார்க்கும்போது சாதகம் ஒன்றி வந்தாலும் வரதட்சிணையில் முறியும் திருமணங்களை நாம் கண்டதில்லையா?

விட்வொர்த் தம் கைப்பழக்கத்தால் கண்டதைக் கணக்காக வகுத்தவர் ஜார்ஜ் கிரீன்ஹில். வுல்விச்சில் பீரங்கிப்படை அதிகாரிகளுக்குக் கணிதம் கற்பித்த பேராசிரியர் அவர். 1879இல் அவர் தந்த விதி ஒரு சிறு பையனும் போடக்கூடியது. குண்டின் நீளம் அதன் குறுக்களவைப்போல் எத்தனை மடங்கு என்று பார்க்க வேண்டும். 150ஐ அந்த எண்ணால் வகுக்க வேண்டும். வரும் ஈவு, எத்தனை குறுக்களவு நீளத்தில் புரி ஒரு சுற்று வர வேண்டும் என்பதைக் காட்டும். மும்மடங்கு நீளமுள்ள விட்வொர்த் குண்டுக்கு 150ஐ 3ஆல் வகுத்தால் 50, 0.45 அங்குலத்தால் பெருக்கினால் இருபத்திரண்டரை அங்குலம். விட்வொர்த் கொண்டது 20. என்ஃபீல்டின் குட்டைக் குண்டுக்கும் இவ்விதி ஐம்பது அங்குலத்துக்குக் குறைவான முறுக்கையே கேட்கிறது. குழலில் இருந்ததோ 78. 1858இல் கடற்படைக்காகச் செய்த குட்டை என்ஃபீல்டில் ஐந்து புரிகளும் 48 அங்குல முறுக்கும் வைத்தார்கள். அது நெட்டைத் துப்பாக்கியைவிட நன்றாகச் சுட்டது. விதி பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, பட்டறையில் இருந்தவன் விடையைத் தொட்டிருக்கிறான்.

கிரீன்ஹில்லின் கணக்கில் நீளம் வருகிறது, குறுக்களவு வருகிறது. எடை வரவே இல்லை என்பதை நேயர்கள் கவனித்திருக்கலாம். ஆயினும் துப்பாக்கிக்காரர்கள் இவ்வளவு எடைக்கு இவ்வளவு முறுக்கு என்றே பேசுவது வழக்கம். ஒரே குறுக்களவும் ஒரே உலோகமும் ஆனால் கனத்த குண்டு நீண்ட குண்டாகவே இருக்கும் என்பதால் அந்த வழக்கம் பெரும்பாலும் பிழைபடுவதில்லை. பிழைபடும் இடம் ஒன்று உண்டு. அதற்கு ஹூக்ளிக் கரைக்குச் செல்வோம்.

இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை 1904ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இரண்டு உலகப் போர்களிலும் இந்தியப் படைவீரன் தோளில் சுமந்த லீ-என்ஃபீல்டு அங்கே செய்யப்பட்டது. அதன் குழலில் ஐந்து புரிகள், பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று, சுற்றுவது இடப்பக்கமாக. சங்கின் மொழியில் சொன்னால் அது இடம்புரி. முதலில் அதில் சுட்ட குண்டு 215 கிரெயின் எடையுள்ளது, மூக்கு மழுங்கியது. 1910இல் கூரிய மூக்குடைய புதிய குண்டு வந்தது. எடை 174 கிரெயின். எடை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. குழலின் முறுக்கை மாற்ற வேண்டாமா? மாற்றவில்லை. ஏனெனில் புதிய குண்டின் மூக்குக்குள், செம்பு கலந்த உறையின் அடியில், ஈயத்துக்குப் பதிலாக இலேசான அலுமினியத்தை வைத்திருந்தார்கள். எடை குறைந்தது, நீளம் ஏறத்தாழ அப்படியே நின்றது. அந்த நீளம் 1.28 அங்குலம். கிரீன்ஹில் விதிப்படி பதினோரு அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட முறுக்கு போதும். பத்து அங்குலம் தாராளமாகப் பொருந்தியது. வினாடிக்கு 2,440 அடி வேகத்தில் வெளிவரும் அக்குண்டு வினாடிக்கு 2,900 தடவைக்கு மேல் சுழன்றது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அப்படியானால் முறுக்கை எப்போதும் நெருக்கமாகவே வைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். அதிலும் தீங்கு உண்டு. எந்தக் குண்டும் முற்றிலும் சமச்சீரானதன்று. மயிரிழைக் கோணல் இருந்தே தீரும். தேவைக்கு மேற்பட்ட சுழற்சி அந்தக் கோணலைப் பெரிதாக்கிச் சிதறலை மிகுவிக்கிறது. உறையில்லாத ஈயமாயின் புரியைக் கவ்வாமல் வழுக்கிச் சீவப்படும். மெல்லிய உறையுள்ள இலேசான குண்டு சுழற்சியின் விசையாலேயே காற்றில் கிழிந்து போவதும் உண்டு.

இவ்வளவும் தெரிந்தபின் எவரும் தவற மாட்டார் என்று நினைப்போம். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கர் புதிய சிறு துப்பாக்கி ஒன்றை ஏற்றனர். பின்னர் எம்-16 என்று பெயர் பெற்றது. குண்டின் எடை 55 கிரெயின். முறுக்கு 14 அங்குலத்துக்கு ஒன்று. வெப்ப நாட்டில் அது சரியாகவே சுட்டது. உறைகுளிரில் சுட்டபோது குண்டு தடுமாறியது. குளிர்ந்த காற்று அடர்ந்தது. அடர்ந்த காற்று மூக்கை அதிகமாகத் தள்ளும். முறுக்கை அவ்வளவு விளிம்பில் நிறுத்தியிருந்ததால் அந்தச் சிறு மாறுதலே போதுமானதாயிற்று. 1963இல் அதனை 12 அங்குலமாக நெருக்கினர். 1980இல் வட அட்லாண்டிக் நாடுகள் பெல்ஜியத்தில் உருவான 62 கிரெயின் குண்டைப் பொதுவாக ஏற்றன. ஏழு கிரெயின்தான் கூடுதல். ஆனால் உள்ளே எஃகு முனை இருந்ததால் குண்டு நீண்டுவிட்டது. அதனோடு சுட வேண்டிய ஒளிரும் தடக்குண்டு அதனினும் நீளம். ஆகவே அமெரிக்கர் தம் புதிய குழலில் முறுக்கை ஏழு அங்குலத்துக்குக் கொண்டு வந்தனர்.

பழைய பன்னிரண்டு அங்குலக் குழல்களோ ஆயிரக்கணக்கில் படைச்சாலைகளில் இருந்தன. இரு வகைத் தோட்டாக்களும் புற அளவில் ஒன்றே. புதிய தோட்டா பழைய துப்பாக்கியில் தடையின்றி நுழையும், தடையின்றி வெடிக்கும். குண்டு மட்டும் நூறு கெஜத்துக்குள்ளேயே கவிழத் தொடங்கிவிடும். சுடுதளத்தில் பழகிய பயிற்சியாசிரியர்கள் குறிப்பலகைக் காகிதத்தை இறக்கியவுடன், துளை மையத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைப் பார்ப்பதற்கு முன்னால் துளையின் வடிவத்தைப் பார்ப்பார்கள். வட்டமாக இருந்தால் தவறு சுட்டவன் கையில். சாவித்துளைபோல் நீண்டு கிழிந்திருந்தால் குண்டு பக்கவாட்டில் பாய்ந்திருக்கிறது என்று பொருள். அப்போது சுட்டவனை விட்டுவிட்டு, அவன் கையில் இருக்கும் குழலையும் தோட்டாப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணையும் சோதிப்பார்கள்.